கேட் தேர்வுக்கு 24 வாரம்: நெல்லையில் இருந்தபடியே மதிப்பெண்ணை ஏற்றும் வழி

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம்ம பக்கம் "கேட் எழுதப் போறேன்" என்றால் இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் எம்.டெக். நுழைவுத் தேர்வு (GATE) என்று நினைத்துக்கொள்வார்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. இங்கே பேசப்போவது ஐஐஎம்கள் முறைவைத்து, பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறன்று நடத்தும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வைப் (CAT) பற்றி. ஐஐஎம்களுக்கு மட்டுமல்ல, சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி ஆகியவற்றின் எம்.பி.ஏ.வுக்கும் இந்த மதிப்பெண்தான் கேட்பார்கள்.

இது புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் உதவும். ஆனால் மனதில் வைத்து எழுதியது, ஒருமுறை தேர்வோ சில மாக் டெஸ்டோ (மாதிரித் தேர்வு) எழுதிவிட்டு 70க்கும் 85க்கும் இடையில் பெர்சன்டைல் நின்றுபோனவர்களை. பெர்சன்டைல் என்பது சதவீதம் இல்லை, எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு. அவர்களுக்குப் பாடம் ஓரளவு தெரியும். எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்பதுதான் தெரியாது.

தாளின் கணக்கு

2024 தேர்வில் 68 கேள்விகள், 204 மதிப்பெண், 120 நிமிடம். ஆங்கிலப் பகுதியில் 24, டேட்டா மற்றும் லாஜிக் பகுதியில் 22, கணக்கில் 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. மிச்சமான நேரத்தை அடுத்ததற்குக் கடத்தவும் முடியாது. சரியான விடைக்கு 3, ஆப்ஷன் உள்ள கேள்வியில் தவறு செய்தால் மைனஸ் 1. விடையை நாமே உள்ளிடும் கேள்விகளுக்கு நெகட்டிவ் கிடையாது.

கடந்த சில ஆண்டுகளாக 99 பெர்சன்டைலுக்குத் தேவைப்பட்டது மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் கீழேதான். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிப் பழகியவர்களுக்கு இதை நம்புவதே கஷ்டம். ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். ஒருவர் 36 கேள்வி தொட்டு 27 சரி, 9 தவறு: 81 கழித்தல் 9, விடை 72. இன்னொருவர் 28 மட்டும் தொட்டு 25 சரி, 3 தவறு: 75 கழித்தல் 3, அதே 72. இரண்டாமவர் எட்டுக் கேள்வி குறைவாகப் போட்டிருக்கிறார். அந்த எட்டுக்கும் முதலாமவர் செலவழித்த பதினைந்து நிமிடம் இவர் கையில் மிச்சம். அதில் இன்னும் நான்கு சரியாகப் போட்டால் 84. மதிப்பெண் ஏறும் வழி இதுதான்.

பகுதிவாரி கட்-ஆஃபையும் மறக்காதீர்கள். மொத்தத்தில் 95 வாங்கிவிட்டு ஆங்கிலத்தில் கட்-ஆஃபுக்குக் கீழே போனால் பல ஐஐஎம்களில் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். பலவீனமான பகுதியை மூடிவைத்துவிட்டு, பிடித்த கணக்கையே போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து.

முதல் வாரம்: பாடம் தொடாதீர்கள்

ஜூன் இரண்டாவது வாரத்தில் தொடங்கினால் 24 வாரம் கிடைக்கும். முதல் வாரத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள் ஒன்றை, 40-40-40 என்று கடிகாரம் வைத்து, கணினியில் எழுதுங்கள். கைப்பேசியில் வேண்டாம். நீளமான பத்தியையும் கேள்வியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் பழக்கம் சின்னத் திரையில் வராது. வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் கல்லூரி லேப் அல்லது பிரவுசிங் சென்டர் போதும்.

எழுதி முடித்ததும் விடைக்குறிப்பைத் திறக்காதீர்கள். அன்றே, நேரக் கட்டுப்பாடு இல்லாமல், சந்தேகத்தோடு போட்டதையும் தொடாமல் விட்டதையும் மறுபடி போடுங்கள். பிறகு விடைக்குறிப்பைப் பார்த்து, தவறான, விட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான்கு பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள்:

தெ – பாடமே தெரியாது.
நே – தெரியும், ஆனால் நேரம் போதவில்லை.
க – தெரியும், நேரமும் இருந்தது, கவனப் பிசகு.
வி – விட்டிருக்க வேண்டியதைத் தொட்டேன், அல்லது தொட்டிருக்க வேண்டியதை விட்டேன்.

பெரும்பாலானவர்கள் எல்லாவற்றையும் "கவனப் பிசகு" என்று எழுதிவிடுவார்கள். அது மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான். நான்கு நிமிடம் ஒரே ஜியோமெட்ரி கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் கூட்டலில் தப்புவிட்டால் அது "க" இல்லை, "வி". நான்காவது நிமிடம் வரைக்கும் அங்கே நின்றதுதான் தவறு.

"தெ" அதிகமென்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாடத்துக்கு முக்கால் பங்கு நேரம் கொடுங்கள். "வி"யும் "நே"யும் அதிகமென்றால் பாடத்தைப் பாதியாகக் குறைத்து, ஜூலையிலிருந்தே கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். ஒருவர் போட்ட டைம் டேபிளை இன்னொருவர் காப்பியடித்தால் பயன்படாமல் போவது இதனால்தான்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்

கல்லூரியில் படிப்பவருக்கு வாரத்தில் ஆறு நாள் இரண்டரை மணி, ஞாயிறு ஐந்து மணி. ஆக 20 மணி. 24 வாரத்தில் 480. வேலைக்குப் போகிறவருக்கு வாரம் 12 மணி கிடைத்தாலே பெரிது, 288 வரும். அதுவும் போதும், ஆனால் அவர் கணக்கில் அரிய பாடங்களைத் தொடக்கூடாது.

ரயிலில் கல்லூரிக்கு வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கமிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் வந்துபோகிறவர்கள் அந்த நேரத்தை ஆங்கில வாசிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு கணக்குப் போட முடியாது, படிக்க முடியும். பேருந்தில் படித்தால் தலைசுற்றும் என்பவர்கள் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம்.

உள்ளூர் நாள்காட்டியையும் இப்போதே பாருங்கள். ஆனித் தேரோட்டம் ஒருநாள், குற்றாலம் சீசனில் நண்பர்களோடு ஒருநாள், அதில் தப்பில்லை. திட்டத்தைக் குலைப்பது ஆவணி மாதம். முகூர்த்தம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் விழும், சொந்தக்காரர் கல்யாணத்தைத் தட்ட முடியாது. அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மாக் டெஸ்டைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, செமஸ்டர் தேர்வு எல்லாம் சேர்ந்து வரும். செமஸ்டர் பாடத்தை அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவைக்காதவர்கள் நவம்பரில் இரண்டையும் கோட்டைவிடுகிறார்கள். "பாத்துக்கிடலாம்" என்று தள்ளிப்போடுவது நம்ம ஊர்க் குணம். இந்த விஷயத்தில் மட்டும் அது உதவாது.

கணக்கு: எதில் தொடங்குவது

சமீபத்திய தாள்களில் அரித்மெட்டிக், அல்ஜிப்ரா இரண்டும் சேர்ந்தே முக்கால் பங்குக்கு நெருக்கமாக வருகின்றன. ஜியோமெட்ரி மூன்று நான்கு, எண்ணியல் ஒன்றிரண்டு. பெர்முடேஷன், பிராபபிலிட்டி எப்போதாவது. பிளஸ் டூ கணக்கில் பயந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் கேட்பதில்லை.

வரிசை இப்படி: சதவீதம், விகிதம், சராசரி, கலவை, லாப நட்டம், வட்டி, வேலை-நேரம், வேகம்-தூரம். இவற்றுக்கு ஆறு வாரம். அடுத்து சமன்பாடுகள், இருபடிச் சமன்பாடு, சமனிலிகள், மடக்கை, அடுக்குகள், தொடர்கள், ஃபங்ஷன். இவற்றுக்கு ஐந்து வாரம். முக்கோணமும் வட்டமும் இரண்டு வாரம். மற்றதெல்லாம் நேரம் மிஞ்சினால்.

தினமும் முதல் பத்து நிமிடம் வாய்ப்பாடு. 1/2 முதல் 1/20 வரை சதவீத மதிப்புகள், 30 வரை வர்க்கம், 15 வரை கனம். திரையில் கால்குலேட்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். மவுசால் ஒவ்வோர் எண்ணாகக் குத்தவேண்டிய கால்குலேட்டர் அது. கீபோர்டைத் தொட அனுமதியில்லை. 17-இன் வர்க்கத்துக்கு அதைத் திறப்பவர் ஒவ்வொரு கணக்கிலும் பத்து விநாடி இழக்கிறார்.

சரி, ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் கிலோ 240 ரூபாய் அல்வாவையும் கிலோ 320 ரூபாய் அல்வாவையும் கலந்து, 330 ரூபாய்க்கு விற்று 20 சதவீத லாபம் பார்க்கிறார். எந்த விகிதத்தில் கலந்தார்? (டவுண்காரர்கள் கோபப்படவேண்டாம், கணக்கில்தான் கலக்கிறார்.)

விற்ற விலை 330 என்பது அடக்க விலையின் 120 சதவீதம். அப்படியானால் அடக்கம் 330 வகுத்தல் 1.2, அதாவது 275. இனி x, y வைத்துச் சமன்பாடு எழுதத் தேவையில்லை. 275-இலிருந்து ஒவ்வொரு விலையும் எவ்வளவு தூரம்? 320க்கு 45, 240க்கு 35. குறுக்கே மாற்றிப் போட்டால் மலிவானதும் உயர்ந்ததும் 45க்கு 35, சுருக்கினால் 9க்கு 7. முப்பது விநாடி வேலை.

தவறு எங்கே வரும்? 330-இல் 20 சதவீதத்தைக் கழித்து 264 என்று எடுப்பார்கள். அப்படிப் போட்டால் 56க்கு 24, அதாவது 7க்கு 3 என்று அழகாகச் சுருங்கும் விடை ஒன்று வரும். ஆப்ஷன்களில் 7:3 உட்கார்ந்திருக்கும். கேள்வி தயாரிப்பவர்கள் நம் தவறைக் கணித்துத்தான் ஆப்ஷன் வைக்கிறார்கள். விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. இந்த வகைத் தவறைப் பிழை நோட்டில் இப்படி எழுதுங்கள்: "லாபம் எதன் மேல்? அடக்கத்தின் மேல். வகுக்கணும், கழிக்கக்கூடாது." பதில் முழுவதையும் காப்பி எடுத்து ஒட்டாதீர்கள். அடுத்தமுறை பென்சிலை வைக்கும்முன் நினைவுக்கு வரவேண்டிய ஒரு வரி மட்டும் போதும்.

தேர்வில் கணக்குப் பகுதியை மூன்று சுற்றாகப் போடுங்கள். முதல் சுற்றில் 22 கேள்வியையும் படித்து, பார்த்தவுடன் வழி தெரிவதை மட்டும் போடுவது. இது ஏறக்குறைய 20 நிமிடம். இரண்டாவது சுற்றில் வழி தெரிந்தும் நீளமானவை, 15 நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் விடையை உள்ளிடும் கேள்விகளில் மிச்சமுள்ளவற்றுக்கு ஏதாவது மதிப்பிட்டு எண் போடுவது, ஏற்கெனவே போட்டதில் சந்தேகக் குறி வைத்ததைச் சரிபார்ப்பது. முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் போட்டு 14-ஆவது கேள்வியில் நேரம் முடிந்தவர்கள், 19-ஆவதில் இருந்த சுலபமான சதவீதக் கணக்கைப் பார்க்கவே மாட்டார்கள்.

டேட்டாவும் லாஜிக்கும்: செட்டைத் தேர்ந்தெடுக்கும் கலை

செட் என்றால் ஒரே தகவல் தொகுப்பை வைத்துக் கேட்கும் சில கேள்விகள். 2024-இல் ஐந்து செட் வந்தது. அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் நான்கு. எண்ணிக்கை மாறலாம், வேலை மாறாது. இரண்டு செட்டை முழுசாக, மூன்றாவதை முடிந்தவரை. நாற்பது நிமிடத்தை ஐந்து, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று என்று பிரியுங்கள். முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் எல்லா செட்டையும் வாசிப்பதற்கு. இந்த ஐந்து நிமிடத்தை யாருக்கும் கொடுக்க மனம் வராது. கொடுக்காதவர்கள்தான் கஷ்டமான முதல் செட்டில் 20 நிமிடம் மாட்டிக்கொள்வார்கள்.

வாசிக்கும்போது எதைப் பார்ப்பது? ஒரு மாதிரி. பாளை, டவுண், பேட்டை, மேலப்பாளையம் என நான்கு கடை. ஒவ்வொன்றிலும் மூன்று வகைப் பலகாரம். எது எவ்வளவு விற்றது என்று 12 கட்டங்களை நிரப்பவேண்டும். கடைவாரி மொத்தமும் வகைவாரி மொத்தமும் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் உண்மையில் தெரியாதவை எத்தனை? மூன்று கடை, இரண்டு வகைக்கான ஆறு கட்டம் தெரிந்தால் மிச்சம் தானாக நிரம்பிவிடும். ஆக ஆறு தகவல் வேண்டும். இப்போது குறிப்புகளை எண்ணுங்கள். "பேட்டையில் முதல் வகை 40", "டவுணில் இரண்டாவது வகை பாளையைப் போல இருமடங்கு" என்பதுபோல் உறுதியான ஆறு இருந்தால் செட் உடையும், தைரியமாக இறங்குங்கள். உறுதியானவை மூன்றுதான், மிச்சம் மூன்றும் "இதைவிட அது அதிகம்" என்ற ரகம் என்றால் பல வழிகளாகப் பிரியும். அதை இரண்டாவதாகத் தேர்ந்தெடுங்கள். மொத்தமே கொடுக்காமல், கேள்விகளும் "எத்தனை விதமாக இருக்க முடியும்" என்று கேட்டால் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இறங்கிய பிறகும் ஒரு விதி. ஏழு நிமிடத்தில் பாதிக் கட்டம்கூட நிரம்பவில்லையா, வெளியே வந்துவிடுங்கள். "இவ்வளவு நேரம் போட்டாச்சே" என்ற நினைப்புதான் இங்கே எதிரி. குழுவாகப் படிப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம்: ஒருவர் போடும்போது இன்னொருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஏழாவது நிமிடத்தில் "விட்டுட்டு வெளிய வாலே" என்று சொல்லவேண்டும். இரண்டு மாதத்தில் அந்தக் குரல் உள்ளேயே கேட்க ஆரம்பிக்கும்.

ஜூலையிலிருந்து தினம் இரண்டு செட், தலா 12 நிமிடம். 2017க்குப் பிந்தைய தாள்களின் செட்களையே முதலில் முடியுங்கள். சுடோகு போட்டால் லாஜிக் வளரும் என்று பலர் சொல்வார்கள். அதில் விதி எப்போதும் ஒன்றுதான். இங்கே விதியைப் புரிந்துகொள்வதே பாதி வேலை, அதனால் சுடோகு பெரிதாக உதவாது.

ஆங்கிலம்: தமிழில் ஒரு வரி

தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்படுவது இந்தப் பகுதிக்குத்தான். இலக்கணமோ சொல்லகராதி மனப்பாடமோ இங்கே கேட்பதில்லை. நான்கு நீளப் பத்திகள், பத்திக்கு நான்கு கேள்வி, மொத்தம் 16. மிச்சம் எட்டு: வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, பொருந்தாத வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது, பத்தியின் சாரம், விடுபட்ட வாக்கியத்துக்கு இடம். அதனால் ஆயிரம் வார்த்தை மனப்பாடம் செய்யும் அட்டைகளை வாங்கவேண்டாம்.

பத்திகள் மானுடவியல், சூழலியல், வரலாறு, தத்துவம், பொருளாதாரம் பற்றிய நீள்கட்டுரைகளிலிருந்து வரும். செய்தித்தாள் தலையங்கம் மட்டும் படித்தால் அந்த நடை பழகாது. தலையங்கத்தில் எழுதியவர் எந்தப் பக்கம் என்பது இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். தேர்வுப் பத்தியிலோ எதிர்த்தரப்பை ஐந்து வரி சொல்லிவிட்டு ஆறாவதில்தான் தன் கருத்துக்கு வருவார். ஏயான் போன்ற இணைய இதழ்களின் கட்டுரை ஒன்று, தினம் 40 நிமிடம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். வீட்டு டிவிச் சத்தம் இல்லாத இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

முறை இது. ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் நிறுத்தி, ஆசிரியர் என்ன சொன்னார் என்று தமிழில் ஒரே வரி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவருடைய வார்த்தைகளையே திருப்பி எழுதி ஏமாற்றிக்கொள்ளலாம். தமிழில் எழுதப் புரிந்திருக்க வேண்டும். வரி வரவில்லை என்றால் பத்தி புரியவில்லை, மறுபடி படியுங்கள். ஐந்து பத்திக் கட்டுரை என்றால் நோட்டில் ஐந்து தமிழ் வரி. அவற்றை மட்டும் படித்தாலே வாதம் ஓடவேண்டும். செப்டம்பர் முடிய எழுதுங்கள். அக்டோபரிலிருந்து எழுதாமல் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், தேர்வில் எழுத நேரமிருக்காது.

கேள்விக்கு வரும்போது சரியான விடையைத் தேடாதீர்கள், தவறான மூன்றை அடியுங்கள். தவறுகள் நான்கு ரகம்: பத்தியில் இல்லாததைச் சொல்வது, பாதி உண்மை பாதி பொய், ஆசிரியர் சொன்னதைவிடப் பெரிதாக்குவது, எதிர்த்தரப்பின் கருத்தை ஆசிரியர் தலையில் கட்டுவது. "மட்டுமே", "எப்போதும்", "முற்றிலும்" என்ற பொருளுள்ள சொல் ஆப்ஷனில் வந்தால் சந்தேகப்படுங்கள். அடித்துவிட வேண்டும் என்றில்லை, பத்திக்குத் திரும்பிப்போய் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக இரண்டு ஆப்ஷனில் நிற்கும்போது, தோற்ற ஆப்ஷனை எதனால் தள்ளினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். இந்தப் பகுதியின் பிழை நோட்டே அதுதான்.

நேரம்: வேகமாகப் படிப்பவருக்கு நான்கு பத்தியும் 30 நிமிடம், மற்ற எட்டும் 10 நிமிடம். மெதுவாகப் படிப்பவர் மூன்று பத்தியை ஒன்பது ஒன்பது நிமிடமாக நிதானமாகப் போட்டு, எட்டுக்கு 13 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். நான்கையும் அரைகுறையாக ஓட்டுவதைவிட இது பல மடங்கு மேல். வரிசைப்படுத்தும் கேள்வியில் நெகட்டிவ் இல்லை, அதனால் காலியாக விடக்கூடாது. அதே காரணத்துக்காகத்தான் அங்கே நேரத்தையும் கொட்டக்கூடாது. ஒன்றரை நிமிடம், பிறகு தோன்றியதைப் போட்டுவிட்டு நகருங்கள்.

மாக் டெஸ்ட்: எத்தனை, எப்போது

ஜூனில் ஒன்று. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதம் இரண்டு. செப்டம்பரில் வாரம் ஒன்று. அக்டோபரில் ஆறு. நவம்பரில் நான்கு, கடைசியானது தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால். கூட்டினால் 19. ஒரே நிறுவனத்தின் தொடர் ஒன்று வாங்கினால் போதும், தாளின் கஷ்டத்தை ஒப்பிட முடியும். டெலிகிராமில் கிடைக்கும் நூறு பிடிஎஃப்பைச் சேர்த்துவைப்பது படிப்பல்ல.

இரண்டு மணி நேரம் எழுதிய தேர்வை அலச நான்கு மணி நேரம் ஆகவேண்டும். அன்று இரண்டு, மறுநாள் இரண்டு. அந்த நேரம் இல்லாத வாரத்தில் மாக்கே எழுதவேண்டாம். அலசாமல் 40 எழுதியவர்களின் மதிப்பெண் அங்கேயே நிற்பதற்குக் காரணம், அதே தவறை நாற்பது தடவை பழகிக்கொண்டதுதான்.

மதிப்பெண் இரண்டு மாக்கில் இறங்கினால் திட்டத்தை மாற்றாதீர்கள். அந்தத் தாள் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும், பெர்சன்டைலைப் பாருங்கள். மூன்றாவதிலும் இறங்கினால் நான்கு பெட்டியை மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலும் "வி" கூடியிருக்கும். புதிதாகப் பாடம் தெரிந்துகொண்டதும் கை எல்லாவற்றையும் தொடப் போகும். செப்டம்பரில் பலருக்கும் வரும் சறுக்கல் இது, நோயில்லை.

நம்ம ஊரில் இன்னொரு தொல்லை கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை எந்த நாள் என்று முன்கூட்டியே பேப்பரில் போடுவார்கள், அந்த நாளில் மாக் வைக்காதீர்கள். லேப்டாப்பை முழு சார்ஜில் வையுங்கள், கைப்பேசி ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

விண்ணப்பமும் சான்றிதழும்

ஆகஸ்டில் விண்ணப்பம் தொடங்கி செப்டம்பர் நடுவாக்கில் முடியும். 2025-இல் கட்டணம் 2,600 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. டிகிரியில் 50 சதவீதம் வேண்டும், இந்தப் பிரிவினருக்கு 45. கடைசி ஆண்டு படிப்பவரும் எழுதலாம்.

நம்மவர்கள் இடறும் இடம் சாதிச் சான்றிதழ். தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமும் அதில் இல்லை. இருந்தால், கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு பெறாத வசதியான பிரிவு) வரவில்லை என்ற ஓபிசி சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கவேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய புதிய சான்றிதழைத்தான் கேட்பார்கள். தாலுகா ஆபீஸில் எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது, ஜூனிலேயே விண்ணப்பியுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் ஓடுபவர்கள் பொதுப் பிரிவில் பதிந்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். 27 சதவீத இடஒதுக்கீட்டைக் காகிதத்தில் தொலைப்பது அநியாயம்.

கடைசிப் பத்து நாள்

அட்மிட் கார்டு வந்ததும் ஸ்லாட் தெரியும்: காலை 8.30, மதியம் 12.30, மாலை 4.30. மிச்சமுள்ள மாக்குகளை அந்த நேரத்திலேயே எழுதுங்கள். மதிய ஸ்லாட்காரர்கள் சாப்பாட்டு நேரத்தையும் பழக்கவேண்டும். 12.30 தேர்வுக்கு 10.30 மணிக்கே லேசாகச் சாப்பிடுவது வயிற்றுக்குப் புதுசு, அதைத் தேர்வன்று முதல்முறை செய்துபார்க்காதீர்கள்.

மதுரையிலோ வேறு ஊரிலோ மையம் விழுந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். மூன்று மணி நேரப் பயணம்தானே என்று விடியற்காலை பஸ் பிடித்தால், கார்த்திகை மழையில் எங்கே நிற்பீர்கள் என்று தெரியாது. அட்மிட் கார்டில் போட்ட நேரம் தாண்டினால் வாசல் கேட்டைத் திறக்கவே மாட்டார்கள், மழை என்று சொன்னாலும். திருநெல்வேலியிலேயே மையம் என்றாலும் முந்தின நாள் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பத்து நாளில் புதுப் பாடம் கிடையாது. பிழை நோட்டின் ஒற்றை வரிகள், வாய்ப்பாடு, தினம் ஒரு செட், இரண்டு பத்தி. ஐஐஎம் தளத்தில் வெளியாகும் அதிகாரபூர்வ மாக்கை ஒருமுறை போட்டு, திரை, கால்குலேட்டர், எண் உள்ளிடும் பலகை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று கையைப் பழக்குங்கள்.

தேர்வு முடிந்த அடுத்த வாரங்களில் உங்கள் விடைத்தாளும் விடைக்குறிப்பும் வெளியாகும். பதிவிறக்கி, அதையும் அதே நான்கு பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்து அண்ணா பல்கலைக்கழகம் எம்.பி.ஏ.வுக்கு நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதுவதாக இருந்தால் அது உடனே உதவும். அது பெரும்பாலும் மார்ச்சில் வரும்: இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி, ஓ.எம்.ஆர். தாள், தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிவு. அங்கே கேள்வி சுலபம், நேரம்தான் குறைவு. அதனால் அதற்கு வேகப் பயிற்சியைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கலாம்.